மூன்றாவது இருநூறு: 800 மீற்றர் ஓடப்போகும் கொழும்புப் பிள்ளைக்கு

800 மீற்றரை நான்கு இருநூறாகப் பிரித்துப் பாருங்கள். முதல் இருநூறை யாரும் ஓடிவிடலாம், கால் புதிதாக இருக்கும், பக்கத்தில் ஓடுபவளின் மூச்சே நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். இரண்டாவதில் கூட்டத்தோடு இழுபட்டுப் போய்விடலாம். நான்காவதில் முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது, எங்கிருந்தோ கொஞ்சம் பலம் வந்து சேரும். மூன்றாவதில்தான் ஓட்டம் உடைகிறது. கடைசிச் சுற்று மணி அடித்து முடிந்திருக்கும், தொடை கனக்கத் தொடங்கியிருக்கும், முதல் வளைவும் எதிர்ப்பக்க நேர்ப்பாதையும் என்று பிரதான அரங்கை விட்டு விலகிப் போகிற தூரம் அது, உங்கள் பெயரைச் சொல்லிக் கத்த அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். நான் தோற்றதும் அங்கேதான். மாகாணப் போட்டியில் முதல் இருநூறை 30 செக்கனில் ஓடிவிட்டு மூன்றாவதை 41 செக்கனில் ஓடினேன், அந்த இரண்டு எண்களும் இருபது வருடமாகியும் மறக்கவில்லை.

இப்போது வெள்ளவத்தையில் இருந்துகொண்டு காலையில் ஐந்தாறு பெண் பிள்ளைகளோடு ஓடுகிறேன். அவர்களில் ஒருத்தி என் அக்காவின் மகள், வயது 16, கனிஷ்ட பிரிவில் நாட்டுக்காக ஓட வேண்டும் என்று நிற்கிறாள். அவளுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வயதுக் கணக்கு. உலகக் கனிஷ்ட போட்டியில், அதாவது 20 வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஓட, அந்த வருடம் டிசம்பர் 31 அன்று உங்களுக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும், 20 ஆகியிருக்கக் கூடாது. பிறந்த மாதம் முக்கியமில்லை, பிறந்த வருடம்தான் கணக்கு. இப்போது நம் வீடுகளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். சாதாரண தரப் பரீட்சை வருகிறது என்று 15 வயதில் ஓட்டத்தை நிறுத்துகிறோம், பிறகு உயர்தரம், பிறகு ரியூசன். சர்வதேசக் கனிஷ்ட போட்டிக்குரிய நான்கு வருடமும் அப்படியே கையைவிட்டுப் போய்விடுகிறது. படிப்பை விடச் சொல்லவில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தரம் தொடங்கும் வரை சில மாதங்கள் கிடைத்தால், ஒரு பிள்ளையின் ஓட்ட வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் வராது. அந்த மாதங்களை முழுதாக வகுப்புகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள், வாரத்தில் ஐந்து நாள் காலையில் ஒன்றரை மணி நேரம் மட்டும் பிள்ளைக்கு விடுங்கள்.

ஏறும் படி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இல்ல விளையாட்டுப் போட்டி, வலயம், மாகாணம், அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழா, இடையில் சேர் ஜோன் டார்பட் பாடசாலை மெய்வல்லுநர் போட்டி, அதன் பிறகு தேசியக் கனிஷ்ட போட்டியும் தெரிவுப் போட்டிகளும். அங்கே இருந்து தெற்காசியக் கனிஷ்ட போட்டி (2018 மே மாதம் நம்முடைய சுகததாச விளையாட்டரங்கிலேயே நடந்தது, 2024 செப்டம்பரில் சென்னையில்), ஆசியக் கனிஷ்ட போட்டி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உலகக் கனிஷ்ட போட்டி.

உச்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஏறுவது நல்லது. 2022இல் கொலம்பியாவின் கலி நகரில் நடந்த உலகக் கனிஷ்ட போட்டியில் அமெரிக்காவின் ரோஷீன் வில்லிஸ் 1:59.13இல் வென்றார், சுவிட்சர்லாந்தின் ஓட்ரி வெரோ 1:59.53இல் இரண்டாவது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அத்திங் மூவுக்கும் வெள்ளி வென்ற கீலி ஹொட்ஜ்கின்சனுக்கும் அன்று வயது 19தான். இவ்வளவு தூரமா என்று பயப்பட வேண்டாம், ஏனென்றால் நமக்குக் கிட்டவே ஒரு ஆள் இருக்கிறார். கண்டி மாவட்டத்தின் வலல என்ற இடத்துப் பாடசாலையில் படித்த தருஷி கருணாரத்ன, கனிஷ்ட வயதில் இருக்கும்போதே, 2023 ஜூலையில் பாங்கொக்கில் 2:00.66 ஓடி ஆசியச் சம்பியனானார், அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் எடுத்தார்.

ஹாங்சோ ஓட்டத்தின் நேரங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தருஷி 2:03.20, இந்தியாவின் ஹர்மிலன் பெயின்ஸ் 2:03.75, சீனாவின் வாங் சுன்யூ 2:03.90. பாங்கொக்கில் ஓடியதைவிட இரண்டரை செக்கன் மெதுவாக ஓடித்தான் அந்தத் தங்கம் வந்திருக்கிறது, முதல் மூன்று பேருக்கும் இடையில் ஒரு செக்கன்கூட இல்லை. சம்பியன்ஷிப் ஓட்டம் இப்படித்தான் இருக்கும். முன்னால் ஓடி வேகத்தைப் பிடித்துக் கொடுக்கும் ஆள் யாரும் கிடையாது, எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஓடுவார்கள், கடைசி முந்நூறில் யாரிடம் மிச்சம் இருக்கிறதோ அவள் வெல்வாள். அந்த மிச்சத்தை மூன்றாவது இருநூறில் இழக்காமல் கொண்டுவருவதற்குத்தான் பயிற்சி.

எங்கே ஓடுவது?

கொழும்பில் ஓடுபாதை கிடைப்பது கஷ்டம். சுகததாசவில் செயற்கை ஓடுபாதை இருக்கிறது, ஹோமாகம பக்கம் தியகமவில் இன்னொன்று இருக்கிறது, பாடசாலை மூலமாகவோ கழகம் மூலமாகவோ அனுமதி எடுத்துப் போக வேண்டும். ஆனால் வாரத்தில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள்தான் ஓடுபாதை தேவை. மிச்ச ஓட்டத்துக்குச் சுதந்திரச் சதுக்கமும் டொரிங்டன் பக்கத்து மர நிழல் பாதைகளும் போதும், பத்தரமுல்லைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பாராளுமன்றத்தைச் சுற்றிய நடைபாதைகள். காலிமுகத்திடல் கடற்கரையோரம் கிட்டத்தட்ட அரைக் கிலோமீற்றர் நேராகக் கிடக்கிறது, கடல்காற்றுக்கு எதிராக ஒரு தடவை, காற்றோடு திரும்ப ஒரு தடவை என்று ஓடினால் அதுவே நல்ல பயிற்சி. மரைன் டிரைவில் விடிகாலையில் ஓடலாம், ஆனால் வீதி ஓரம் சரிந்திருக்கும், தினமும் ஒரே பக்கமாக ஓடினால் முழங்காலும் கெண்டைக்கால் எலும்பும் வலிக்கத் தொடங்கும். புல் எங்கே கிடைத்தாலும் புல்லில் ஓடுங்கள்.

இருட்டோடு போகும்போது தனியாகப் போக வேண்டாம், மூன்று பேராவது சேர்ந்து போங்கள், வீட்டில் ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது. பயிற்சி கொடுக்கும் சேர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தனியறையில் தனியாகச் சந்திப்பு, தனியாக வாகனத்தில் பயணம் என்று எதுவும் இருக்கக் கூடாது. இதைச் சொல்வதற்குப் பெற்றோர் கூச்சப்பட வேண்டியதில்லை, நல்ல பயிற்றுநர் தானாகவே அப்படித்தான் நடப்பார்.

சூடு பற்றி ஒரு விஷயம். ஐந்தரைக்கு ஓடினால் உடம்பு தாங்கும், ஆனால் இங்கே போட்டிகள் பல பட்டப்பகலில் நடக்கின்றன, வெப்பம் 30 பாகைக்கு மேல், காற்றில் ஈரம் வேறு. போட்டிக்கு இரண்டு வாரம் முன்னதாக, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பின்னேரம் மூன்றரைக்கு, மெதுவான ஓட்டத்தை மட்டும் அந்த வெயிலில் ஓடுங்கள், உடம்பு வியர்க்கக் கற்றுக்கொள்ளும். கடினப் பயிற்சியை வெயிலில் செய்யாதீர்கள். தம்பிலி குடியுங்கள், நன்றாக வியர்த்த நாளில் ஜீவனி கரைத்துக் குடியுங்கள். தலைசுற்றல், குளிர்வது போல் ஒரு உணர்வு, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் உடனே நிறுத்தி, நிழலில் இருத்தி, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்ற வேண்டும், பேச்சுத் தடுமாறினாலோ, அப்படியும் தெளியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத்தான்.

வாரத்தின் வேலை

800 ஓட்டத்தில் செலவாகும் சக்தியில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஒட்சிசனைக் கொண்டு உடம்பு தயாரிப்பது, 1500இல் அது இன்னும் அதிகம். பல பாடசாலைகளில் 800 ஓடும் பிள்ளையைக் குறுந்தூர ஓட்டக்காரி மாதிரி 150, 200 என்று மட்டும் விரட்டுகிறார்கள், அது போதாது. ஞாயிறு காலை 50 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். வாரத்தில் இன்னும் இரண்டு நாள் 35 நிமிடம் அதே மாதிரி. ஒரு நாள் 20 நிமிடம் கொஞ்சம் வேகமாக, முழு வசனம் பேச முடியாது, மூன்று நான்கு சொல் சொல்லலாம், அந்த அளவு. இப்போதுதான் தொடங்கும் பிள்ளைக்கு ஆறு மாதம் இதுவும், ஓட்டம் முடிந்த பிறகு காலை நீட்டி வைத்து ஐந்தாறு தடவை 80 மீற்றர் ஓட்டமும், வாரத்தில் இரண்டு நாள் வயிறு, இடுப்பு, கெண்டைக்கால் பயிற்சியும் போதும். அவசரப்படுத்தினால் காலில்தான் உடையும்.

அதன் பிறகு ஓடுபாதை நாள். உங்கள் பிள்ளை 2:20 ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 200க்கு 35 செக்கன். நான் கொடுக்கும் மூன்று பயிற்சிகளைச் சொல்கிறேன், வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். முதலாவது, 200 எட்டுத் தடவை, ஒவ்வொன்றும் 34 அல்லது 35, இடையில் 200 மெதுநடை. இது கஷ்டமான பயிற்சி இல்லை, வேகத்தைக் காலுக்குப் பழக்குவது. முதல் இரண்டையும் 31இல் ஓடிவிட்டுப் பெருமையாகத் திரும்பி வரும் பிள்ளையைத்தான் போட்டியில் மூன்றாவது இருநூறு பிடித்துக்கொள்ளும், அதனால் வேகமாக ஓடினாலும் நான் பிழை என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது, 500 ஓட்டம் போட்டி வேகத்தில், அதாவது 87 அல்லது 88 செக்கன், மூன்று நிமிடம் ஓய்வு, பிறகு 300 ஓட்டம் 51 செக்கனில். பத்து நிமிடம் இருந்துவிட்டு இன்னொரு தடவை. 500 என்ற தூரத்தை வேண்டுமென்றே தெரிவு செய்திருக்கிறேன், மணி அடிக்கிற இடத்தில் நிற்காமல் தாண்டிப் போகப் பழக வேண்டும், பல பிள்ளைகளுக்கு 400இல் உடம்பு தானாகவே நின்றுவிடப் பார்க்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. 400 ஓட்டம் 70 செக்கனில், அங்கேயே நின்றபடி 60 செக்கன் ஓய்வு, உட்காரக் கூடாது, உடனே 200 ஓட்டம் 34 செக்கனில். எட்டு நிமிடம் நடந்துவிட்டு மறுபடி, மொத்தம் மூன்று தடவை. அந்த 200 மீற்றர்தான் மூன்றாவது இருநூறு, போட்டியில் அது எப்படி வலிக்குமோ கிட்டத்தட்ட அப்படியே இங்கேயும் வலிக்கும், ஆனால் இங்கே யோசிக்க நேரம் இருக்கிறது. அந்த வலியில் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டே விஷயம் சொல்லிக்கொடுங்கள்: தோளைக் கீழே விடு, கையை வேகமாக ஆட்டு. கை ஆடும் வேகத்துக்குக் கால் வந்து சேரும். "விடாதே, விடாதே" என்று கத்துவதால் ஒரு பயனும் இல்லை, எதை விடக்கூடாது என்று பிள்ளைக்குத் தெரியாது. எந்தத் தடவையிலாவது அந்த 200 ஓட்டம் 36 செக்கனுக்கு மேல் போனால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

போட்டிக்கான திட்டமும் இதே கணக்குத்தான். 2:16 ஓட வேண்டுமா, 33, 34, 35, 34. முதல் சுற்று 67, இரண்டாவது 69. மூன்றாவது இருநூறில் ஒரு செக்கன் கூடுவது இயல்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம், ஆனால் அது ஐந்து செக்கன் ஆகக்கூடாது.

சாப்பாடும் உடம்பும்

அம்மாமாருக்கு இது. ஓடுகிற பிள்ளை மெலிந்தால் வேகம் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாப்பாடு குறைந்தால் முதலில் மாதவிடாய் தள்ளிப்போகும், பிறகு எலும்பு பலவீனமாகும், கெண்டைக்கால் எலும்பில் வெடிப்பு வரும், ஒரு பருவமே போய்விடும். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால், "ஓடுகிற பிள்ளைதானே, அப்படித்தான்" என்று விடாமல் டொக்டரிடம் காட்டுங்கள். காரணமில்லாத களைப்பு இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யும்போது ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள், ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உள்ளே இரும்புச் சேமிப்பு வற்றிப்போயிருக்கலாம். கீரை, கௌபி, நெத்தலி, ஈரல் எல்லாம் நல்லது, மேலே தேசிக்காய்ப் புளி விடுங்கள். சாப்பிட்ட உடனே பிளேன்டீ குடிக்கும் பழக்கம் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அது இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். மாதவிடாய் வரும் நாளை அவளே கொப்பியில் எழுதி வைக்கட்டும், போட்டி அந்த நாளில் விழுந்தால் திடுக்கிட வேண்டியிருக்காது. நல்ல விளையாட்டு உள்ளாடை ஒன்றுக்குச் செலவு செய்யுங்கள். சப்பாத்துக்கு அடுத்தபடி முக்கியமானது அது, கேட்கக் கூச்சப்பட்டே பல பிள்ளைகள் ஓட்டத்தை விட்டிருக்கிறார்கள்.

ஸ்பைக்ஸ், அதாவது ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து, வாங்கும்போது அடித்தட்டின் தடிப்பைப் பாருங்கள், 2024 நவம்பரில் இருந்து எல்லா ஓடுபாதை நிகழ்ச்சிக்கும் 20 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. சாதாரண பயிற்சிக்கு ஸ்பைக்ஸ் வேண்டாம்.

போட்டி நாள்

மூன்று மணி நேரத்துக்கு முன் இடியப்பமோ பாணோ வாழைப்பழமோ, வழக்கமாகச் சாப்பிடுவதைத்தான் சாப்பிட வேண்டும், தேங்காய்ப்பால் அதிகம் வேண்டாம். சர்வதேசப் போட்டியில் ஓட்டத்துக்கு முன் அழைப்பறை என்று ஒன்று இருக்கிறது, இலக்கம், சப்பாத்து, பை எல்லாம் அங்கே பார்ப்பார்கள், அதன் பிறகு பயிற்றுநரைப் பார்க்க முடியாது, கைபேசியும் கிடையாது. நம் பிள்ளைகள் நடுங்குவது அங்கேதான், பக்கத்தில் உயரமான வெளிநாட்டுப் பிள்ளைகள், தெரியாத மொழி. இங்கேயே அதைப் பழக்குங்கள்: ஓடுபாதை நாளில் உடம்பைச் சூடாக்கிய பிறகு இருபது நிமிடம் பேசாமல் ஒரு இடத்தில் இருத்திவிட்டு, பிறகு நேரே ஓட விடுங்கள்.

தொடக்கத்தில் "உங்கள் இடங்களில்" என்ற கட்டளைக்குப் பிறகு நேரே வெடிதான், "தயார்" என்பது குறுந்தூரத்துக்கு மட்டும். முதல் வளைவு அவரவர் பாதையில், அது முடிந்ததும் உள்ளே வரலாம். எட்டாம் பாதையில் இருப்பவள் கோடு தாண்டியவுடன் வெடுக்கென்று உள்ளே வெட்டக் கூடாது, எதிர்ப்பக்க நேர்ப்பாதையின் முடிவை நோக்கிச் சாய்வாக ஓடி வந்தால் தூரமும் மிச்சம், இடிபாடும் இல்லை. வளைவில் இரண்டாம் பாதையில் ஓடினால் ஒவ்வொரு வளைவுக்கும் கிட்டத்தட்ட 3.8 மீற்றர் கூட ஓட வேண்டும், 2:12 வேகத்தில் அது அரைச் செக்கனுக்கு மேல். ஆனாலும் உள்ளே அடைபட்டுக் கிடப்பதைவிட அந்த அரைச் செக்கனைக் கொடுப்பது மேல் என்பது என் கருத்து. முன்னால் இரண்டாவது ஆளின் வலது தோளுக்குப் பின்னால் நிற்கப் பாருங்கள், அங்கேயிருந்து எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம்.

இடித்தால்? கை வைத்துத் தள்ளாதீர்கள். 2017இல் புவனேஸ்வரில் நடந்த ஆசியச் சம்பியன்ஷிப்பில் முதலாவதாக வந்த இந்திய வீராங்கனை கடைசியில் நம் நிமாலி லியனாராச்சியைத் தள்ளியதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார், தங்கம் நிமாலிக்கு வந்தது. அந்தத் தங்கம் நம் தரப்பு முறைப்பாடு செய்ததால் வந்தது. உங்களை யாராவது தள்ளியிருந்தால் ஓட்டம் முடிந்ததும் அழுதுகொண்டு நிற்காமல் நேரே அணி முகாமையாளரிடம் போய்ச் சொல்லுங்கள், முடிவு அறிவித்து 30 நிமிடத்துக்குள் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும்.

தகுதிச் சுற்றில் ஒவ்வொரு பிரிவிலும் முதல் இடங்களில் வருபவர்கள் நேரே அடுத்த சுற்றுக்கு, மிச்ச இடம் நேரத்தைப் பார்த்து. உங்கள் பிரிவு முதலாவதாக ஓடினால் பின்னால் வருபவர்களின் நேரம் தெரியாது, அதனால் இடத்தைப் பிடித்துவிடுங்கள்.

காகித வேலையும் உண்டு. கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ் இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி விழுந்துவிடும். 2025 செப்டம்பரில் இருந்து உலகத் தரவரிசைக்குரிய போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட, வாழ்நாளில் ஒரு தடவை எஸ்ஆர்வை (SRY, Y நிறமூர்த்தத்தில் இருக்கும் மரபணு) பரிசோதனை செய்ய வேண்டும், அதை எங்கே எப்படிச் செய்வது என்று இலங்கை மெய்வல்லுநர் சங்கத்தில் முன்கூட்டியே கேளுங்கள். தடிமல் மருந்து சிலவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கும், போட்டி நாளில் அது ஊக்கமருந்துக் கணக்கில் போய்விடலாம், பார்மசியில் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம், பிள்ளை ஓடுகிறாள் என்று டொக்டரிடம் சொல்லியே மருந்து எடுங்கள். பெயர் தெரியாத புரதத்தூளும் வேண்டாம்.

பெற்றோருக்கு இன்னும் ஒன்று. முடிவுக்கோட்டுப் பக்கம் கைபேசியோடு நிற்க நிறையப் பேர் இருப்பார்கள், காணொளி யாரிடமாவது கிடைக்கும். நீங்கள் எதிர்ப்பக்க நேர்ப்பாதை முடிகிற இடத்துக்குப் போங்கள், 600 மீற்றர் அங்கேதான். ஓட்டத்துக்கு முன்னமே பிள்ளையிடம் அந்த இடத்தைக் காட்டி "நான் அங்கே நிற்பேன்" என்று சொல்லிவிடுங்கள். அவள் இரண்டாம் தடவை உங்களைக் கடக்கும்போது பெயரைச் சொல்லி, "தோள், கை" என்று மட்டும் கத்துங்கள்.